எழுத்து வைக்காத கல்யாணம்

அல்சூர் பஜாரில் அடகுக் கடை வைத்திருந்த புக்ராஜ் சேட்டுக்கு எத்திராஜ் எழுநூறு ரூபாய் கடன்பட்டிருந்தார். அறுபத்தொன்பதாம் வருஷத்து எழுநூறு. மூங்கிலும் துணியும் கயிறும் வாங்கத் தேவைப்பட்ட பணம். அடகு வைக்க வீட்டில் பொட்டுத் தங்கம் கிடையாது. புரோநோட்டு எழுதலாம் என்றால் எத்திராஜ் இரண்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர். சேட்டு அவர் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கல்லாவைத் திறந்து தூக்கிக் கொடுத்துவிட்டார். ஒன்றேகால் வருஷத்தில் வட்டியும் முதலுமாகத் திருப்பிக் கொடுத்துவிட்டு, சேட்டு செலவிலேயே ஒரு டீயும் குடித்துவிட்டு வந்தார் எத்திராஜ். வாங்கியதற்கும் காகிதம் இல்லை, கொடுத்ததற்கும் காகிதம் இல்லை.

அன்றைக்கு முடிவு செய்ததுதான். மனுஷனுக்கு வாக்குதான் பெரிசு, காகிதம் எல்லாம் வாக்கு இல்லாதவனுக்கு.

அந்தக் கொள்கையோடு அவர் ஏறிய ஏற்றம் சின்ன ஏற்றம் இல்லை. நீலசந்திராவில் போய் ‘ஷாமியானா’ என்று சொன்னால் போதும், கடைப் பெயர் சொல்ல வேண்டாம், குழந்தைகூட எத்திராஜ் கடைக்குக் கை காட்டும். பன்னிரண்டு வயதில் இன்னொருத்தன் மூங்கிலைத் தோளில் தூக்கி நடந்தவர், நாற்பது வயதில் முந்நூறு நாற்காலி, நாலு பெரிய அண்டா, எந்த மழைக்கும் ஒழுகாத ஆறு பந்தல் என்று சொந்தமாக வைத்திருந்தார். எத்தனை பேர் வருவார்கள் என்று வீட்டுக்காரர் சொல்லுகிற கணக்கை அவர் காதில் வாங்கவே மாட்டார். தெருவை ஒரு நடை நடந்து பார்த்துவிட்டு அவர் சொல்வதுதான் கணக்கு. ஒரு நாற்காலி கூடவும் கூடாது, குறையவும் குறையாது. இதெல்லாம் காலேஜில் சொல்லிக்கொடுக்கிற சங்கதி இல்லை. மாடி வைத்த வீடு கட்டி, மாடியறையை வாடகைக்கும் விட்டார்.

அந்த மாடியறைக்குத்தான் தொண்ணூற்றொன்றாம் வருஷத் தொடக்கத்தில் தவமணி வந்தாள், தன் சின்னம்மாவோடு. யாழ்ப்பாணத்துக்குப் பக்கத்தில் புங்குடுதீவு. படகில் ராமேஸ்வரம் வந்து, மண்டபம் முகாமில் ஆறு மாதம் இருந்து, தெரிந்தவர்கள் சொல்லி பெங்களூர் வந்தவர்கள். அப்பன் நடராசா இல்லை. அம்மாவும் இல்லை. பெண்ணுக்கு இருபத்தொரு வயது. பேசினால் பாட்டு மாதிரி இருக்கும், பாதி விளங்காது.

அந்த வருஷம் மே மாதம் முன்னாள் பிரதமர் குண்டுவெடிப்பில் செத்த பிறகு ஊரில் சிலோன்காரர்களுக்கு வீடு கொடுக்க எவனுக்கும் தைரியம் இல்லை. கொடுத்தவர்களும் காலி பண்ணச் சொன்னார்கள். எல்லாரும் போலீஸ் ஸ்டேஷனில் பெயர் பதிய வேண்டும், ஒரு சீட்டு வாங்கிக்கொண்டு ஆறு மாதத்துக்கு ஒரு தரம் முத்திரை குத்திக்கொள்ள வேண்டும் என்று உத்தரவு வந்தது. பக்கத்து வீட்டுக்காரர்கள் எத்திராஜிடம் வந்து குசுகுசுத்தார்கள்.

“எதுக்குய்யா வம்பு? நாளைக்கு உன்னையும் இழுப்பாங்கோ.”

“இழுத்தா போவேன். ஸ்டேஷன்ல கூட பந்தல் போட்டவன்யா நானு” என்றார் எத்திராஜ். அவரே இரண்டு பெண்களையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போய்ப் பெயர் பதிந்துவிட்டு வந்தார். டிசம்பரில் காவிரித் தண்ணீர்ச் சண்டையில் ஊரே கொதித்து, தமிழ் பேசுகிறவர்களெல்லாம் கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தபோது, மாடியில் இருந்த சிலோன்காரிகளும் கீழே இருந்த வீட்டுக்காரர்களும் ஒரே அறையில் ஒரே பானைச் சோற்றைத் தின்றார்கள். அந்த நாட்களில்தான் சீனுவின் பார்வை தவமணி பக்கம் போனது.

சீனு எத்திராஜின் செத்துப்போன அக்காள் மகன். அவர் தோளில் வளர்ந்தவன், கடையில் அவருக்கு வலது கை. எத்திராஜுக்கும் மங்களத்துக்கும் பிள்ளை இல்லை. சீனுதான் எல்லாம். அவன் தயங்கித் தயங்கி மங்களத்திடம் சொல்ல, மங்களம் புருஷனிடம் சொன்னாள்.

“பொண்ணு நல்ல பொண்ணு. ஆனா நாடு வேறாச்சே?”

“நாடு இன்னா நாடு. நாம பேசறதத்தானே பேசுது” என்றார் எத்திராஜ். அத்தோடு பேச்சு முடிந்தது.

தொண்ணூற்றிரண்டு தை மாதம் அல்சூர் கோயிலில் தாலி கட்டு. சாப்பாடு நீலசந்திராவில், தெருவை அடைத்து, தன்னிடம் இருந்த ஆறு பந்தலையும் ஒரே கல்யாணத்துக்குப் போட்டார். அந்தத் தெருவில் அதற்கு முன்னும் பின்னும் அப்படி ஒரு கல்யாணம் நடந்தது கிடையாது. ஆயிரம் பேர் சாப்பிட்டார்கள்.

மூன்றாம் நாள் காலையில் புதுப்பெண் காப்பி கொண்டு வந்து கொடுத்துவிட்டு, போகாமல் நின்றாள்.

“இன்னாமா?”

“மாமா, எழுத்து எப்ப வைக்கிறது? சின்னம்மா இங்க இருக்கேக்கையே வைச்சால் நல்லது.”

எத்திராஜுக்கு மனசு இளகிப் போயிற்று. பாவம், படகில் அடித்துப்பிடித்து வந்த பெண், எழுதப் படிக்கக் கற்றுக்கொள்ளவில்லை போலிருக்கிறது, வந்த இடத்தில் ஆசைப்படுகிறது என்று நினைத்தார். அவள் அங்கே பன்னிரண்டாம் வகுப்பு முடித்துச் சின்னப் பிள்ளைகளுக்கு வாத்தியாராக இருந்தவள் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

“எழுத்தெல்லாம் நமக்கு எதுக்குமா? எழுத்து இல்லாமலே நாங்க குடும்பம் நடத்தலையா? நானும் உங்க அத்தையும் இன்னா கொறைஞ்சு போயிட்டோம்? மனசு சுத்தமா இருந்தா போதும்” என்றார், ஆறுதலாகத்தான்.

தவமணி தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போனாள். அவள் ஊரில் எழுத்து என்றால் கல்யாணப் பதிவு. பதிவுக்காரர் முன்னால் மாப்பிள்ளையும் பெண்ணும் கையெழுத்துப் போடுவது. எழுத்து முடியாத கல்யாணத்தை அங்கே யாரும் கல்யாணம் என்றே சொல்ல மாட்டார்கள். பெரியவர் வேண்டாம் என்றுவிட்டார், இந்த ஊர் வழக்கம் இப்படிப் போலிருக்கிறது என்று அவள் எடுத்துக்கொண்டாள். சீனுவிடம் சொன்னபோது அவன், “மாமா வேணாம்னா விடு” என்றான். அதற்கு மேல் அவள் வாயைத் திறக்கவில்லை.

அடுத்த வருஷம் அவள் பேப்பரை விரித்துவைத்துக் கடகடவென்று படிப்பதை எத்திராஜ் பார்த்தார். சீனு சொல்லிக்கொடுத்துவிட்டான் என்று நினைத்துப் பெருமைப்பட்டுக்கொண்டார்.

தொண்ணூற்று மூன்றில் சிந்து பிறந்தாள். அதே வருஷம் சின்னம்மா கனடாவில் இருந்த தன் மகனிடம் போய்விட்டாள். தவமணிக்கு இந்த ஊரில் இந்த வீட்டை விட்டால் வேறு நாதி இல்லை என்றாயிற்று. அவள் அதைச் சொல்லிக் காட்டவும் இல்லை, மங்களம் அப்படி நினைக்க விடவும் இல்லை. தையல் மிஷின் ஒன்று வாங்கிப் போட்டார் எத்திராஜ். பந்தல் ஓரங்களுக்கு அவள் தைத்த ஜாலருக்காகவே ரிச்சர்ட்ஸ் டவுன் வரைக்கும் ஆர்டர் வந்தது. ஆறு மாதத்துக்கு ஒரு தரம் சீனு அவளை மொபெட்டில் உட்காரவைத்து ஸ்டேஷனுக்குக் கூட்டிப் போவான். முத்திரை விழும். திரும்பி வரும்போது சிந்துவுக்கு மிட்டாய் வாங்கி வருவார்கள். வேறு பிரச்சினை இல்லை.

தொண்ணூற்றேழாம் வருஷம் நவம்பர் மாதம் முத்திரை விழவில்லை.

சீனு வெளுத்த முகத்தோடு திரும்பி வந்தான். “மாமா, முத்திரை கெடையாதாம். மாசக் கடைசிக்குள்ள தவத்தைத் தமிழ்நாட்டு கேம்புக்குப் போவச் சொல்றாங்க.”

“எவன் சொன்னான்?” என்று துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார் எத்திராஜ்.

ஸ்டேஷனில் வெளிநாட்டுக்காரர் ஃபைல்களைப் பார்க்கிறவர் கிருஷ்ணப்பா. கன்னடக்காரர், தமிழ் நன்றாகப் பேசுவார். எத்திராஜ் பந்தலில் சாப்பிட்டவர்தான்.

“பன்னி பன்னி, வாங்க எத்திராஜண்ணா, ஒக்காருங்க.”

“ஒக்கார வரலை. எங்க வீட்டுப் பொண்ணை எங்கயோ அனுப்பறீங்களாமே?”

“நான் அனுப்பலை. ஆர்டர் மேலேருந்து வந்திருக்கு. பாஸ்போர்ட் விசா இல்லாம சீட்டுல மட்டும் இருக்கிறவங்க கேம்புக்குப் போகணும்.” அவர் ஃபைலைத் திறந்து காட்டினார். “நோடி, பாருங்க. தவமணி, தகப்பன் பேரு நடராசா. சிலோன். கல்யாணம் ஆகாதவள். தொண்ணூத்தொண்ணுல எழுதினது. அப்புறம் யாரும் மாத்தலையே.”

“கல்யாணம் ஆகாதவளா? நாலு வயசுல பாப்பா இருக்குதுய்யா.”

“பாப்பா இந்தியா. அப்பா இந்தியா, இங்க பொறந்தது. பாப்பா இங்கேயே இருக்கலாம், யாரும் தொட முடியாது. அம்மாதான் சிலோன்.”

எத்திராஜ் அப்போதுதான் உட்கார்ந்தார். நாலு வயதுப் பிள்ளை இந்தப் பக்கம், தாய் அந்தப் பக்கம். இதற்கா சட்டம் என்று பெயர்?

கிருஷ்ணப்பா குரலைத் தாழ்த்தினார். “அண்ணா, ஒண்ணு கேக்கறேன். இந்தியனைக் கட்டினவங்கன்னு காட்டினா நான் மேலே எழுதி அனுப்புவேன், நிறுத்திடலாம். இவங்களது ரிஜிஸ்டர் மேரேஜா?”

இங்கேதான் காரியம் கெட்டது. நம் ஆட்களிடம் ரிஜிஸ்டர் மேரேஜ் என்றால் ஒரே அர்த்தம்தான். பெற்றவர்களுக்குத் தெரியாமல் ஓடிப்போய், இரண்டு சிநேகிதர்களைச் சாட்சிக்கு நிறுத்தி, மாலை மாற்றிக்கொண்டு ஊரைவிட்டு ஓடுவது. மானமுள்ள குடும்பத்தில் அந்த வார்த்தையைச் சத்தமாகக்கூடச் சொல்ல மாட்டார்கள்.

எத்திராஜ் எழுந்து நின்றார். நெஞ்சு நிமிர்ந்தது.

“யாரைப் பார்த்து இன்னா கேக்கறே கிருஷ்ணப்பா? ஓடிப்போனவங்களா அவங்கோ? எங்க குடும்பத்துல எவனும் ரிஜிஸ்டர் மேரேஜ் பண்ணது கெடையாது. கோயில்ல தாலி கட்டி, ஆயிரம் பேரு சாப்பிட்ட கல்யாணம். நீயும்தானே சாப்பிட்டே?”

“சாப்பிட்டேன். நான் சாப்பிட்டதை ஃபைல்ல எழுத முடியாதே” என்றார் கிருஷ்ணப்பா. பேனாவை எடுத்து, ரிஜிஸ்டர் ஆகவில்லை என்று ஒரு வரி எழுதிக்கொண்டார். “அப்போ நான் ஏனு மாட்லி? நான் என்ன பண்ணட்டும்? மாசக் கடைசி வரைக்கும் டைம்.”

மறுநாள் எத்திராஜ் கல்யாண ஆல்பத்தைக் கொண்டுபோய் மேஜைமேல் வைத்தார். அதற்கு மறுநாள் வீடியோ கேசட். பிறகு கோயில் குருக்களைக் கூட்டிக்கொண்டு போனார். கார்ப்பரேட்டர் ஆளைக் கூட்டிக்கொண்டு போனார். அவர் பந்தல் போடாத பெரிய மனிதர் அந்த வட்டாரத்தில் கிடையாது, அத்தனை பேர் வாசலையும் மிதித்தார். எல்லாரும் நாற்காலி போட்டு உட்காரவைத்தார்கள். எல்லாரும் பார்க்கலாம் என்றார்கள். கிருஷ்ணப்பா ஆல்பத்தை மரியாதையாகப் புரட்டிப் பார்த்துவிட்டு, “நல்ல பந்தல் அண்ணா” என்று திருப்பிக் கொடுத்தார்.

வீட்டில், “சட்டத்துக்குக் கண்ணு இல்லை” என்று மட்டும் சொன்னார் எத்திராஜ். கிருஷ்ணப்பா கேட்ட அந்தக் கேள்வியைச் சொல்லவில்லை. பெண்ணின் காதில் விழுகிற மாதிரிக் கேள்வியா அது?

தவமணி அழவில்லை. அதுதான் மங்களத்தைக் கலக்கியது. சிந்துவின் உடுப்புகளை எல்லாம் துவைத்து மடித்து, பித்தான் அறுந்ததற்குப் பித்தான் தைத்து வைத்தாள். குழந்தைக்கு எந்தக் கறி பிடிக்கும், எது ஒத்துக்கொள்ளாது என்று மங்களத்திடம் சொல்லிக்கொண்டிருந்தாள், மங்களத்துக்கு அது தெரியாதது போல.

“நீ போறதில்லை, சும்மா இருடி” என்று மங்களம் அதட்டினாள்.

“வந்து பிடிச்சுக்கொண்டு போனால் பிள்ளை பயப்பிடும் அத்தை. நானாப் போனால் வேலைக்குப் போறன் எண்டு சொல்லலாம்.”

சீனு ஓசூர் பக்கம் போய் ஒளிந்து இருக்கலாமா என்றான். தவமணி மாட்டேன் என்றுவிட்டாள். “ஒளிச்சு ஒளிச்சுத்தான் இங்க வந்து சேர்ந்தது. திரும்பவும் என்னால ஏலாது.”

எத்திராஜ் வாசலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

மாதக் கடைசி நெருங்கிய சமயத்தில் ரிச்சர்ட்ஸ் டவுனில் மௌரீன் அம்மாள் வீட்டுக் கல்யாணம் வந்தது. அவர் டெலிபோன் ஆபீசில் இருந்து ரிட்டயர் ஆனவர், மூன்று தலைமுறையாக அதே வீட்டில் இருக்கிற தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பம், எத்திராஜுக்கு இருபது வருஷ வாடிக்கை. மகள் கல்யாணம். முன்பணம் வாங்கியாயிற்று, வாக்குக் கொடுத்தாயிற்று. வீட்டில் இடி விழுந்தாலும் எத்திராஜ் பந்தல் போடாமல் இருக்க மாட்டார். தவமணி ஜாலர் பொருத்த வந்திருந்தாள். மங்களம் துணைக்கு வந்தாள்.

வேலை முடிந்ததும் மௌரீன் அம்மாள் விடவில்லை. “எல்லாரும் சர்ச்சுக்கு வாங்க. வேலைக்காரங்க மாதிரி கேட்டுல நிக்கக் கூடாது, கம் இன்சைட்.”

மூன்று பேரும் போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார்கள். பாட்டு முடிந்தது, மோதிரம் மாற்றினார்கள். பிறகு பெண்ணும் மாப்பிள்ளையும் ஓரத்தில் இருந்த மேஜைக்குப் போனார்கள். பாதிரியார் ஒரு பெரிய புத்தகத்தை விரித்துவைத்தார். பெண் குனிந்து எழுதினாள். மாப்பிள்ளை எழுதினான். இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பந்தியில் முதல் இலைக்குப் போவது போல ஒவ்வொருவராக வந்து எழுதினார்கள்.

எத்திராஜுக்குப் பக்கத்தில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. இத்தனை நாள் அழாத தவமணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

“இன்னாமா?”

“ஒண்டுமில்லை மாமா. இவைக்கு எழுத்தும் முடிஞ்சுது. குடுத்து வைச்சவை.”

எத்திராஜுக்கு விளங்கவில்லை. “எழுத்து முடிஞ்சுதா? அந்தப் பொண்ணு எம்.ஏ. படிச்ச பொண்ணு. அதுக்கு எழுத்து எப்பவோ முடிஞ்சிருக்குமே.”

தவமணி திரும்பி அவரைப் பார்த்தாள். கண்ணீரோடு அவள் முகத்தில் ஒரு குழப்பம். “படிப்பு இல்லை மாமா. இது. இந்தக் கையெழுத்து வைக்கிறது. இதைத்தான் நாங்கள் எழுத்து எண்டு சொல்லுறது. நான் அப்பவே உங்களைக் கேட்டனான். எழுத்தெல்லாம் வேண்டாம், மனசு சுத்தமா இருந்தால் போதும் எண்டு சொன்னியள்.”

மங்களம் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“நீ படிக்க ஆசைப்படறேன்னு நெனைச்சேன்” என்றார் எத்திராஜ் மெதுவாக.

“படிக்கவோ? மாமா, நான் ரீச்சரா இருந்தனான்.”

மங்களம் சர்ச் என்றும் பார்க்காமல் சிரித்துவிட்டாள். முன் பெஞ்சில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எத்திராஜ் சிரிக்கவில்லை. வெளியே வந்ததும் நேராக மௌரீன் அம்மாளிடம் போய் நின்றார்.

“அம்மா, தப்பா எடுத்துக்கக் கூடாது. இது நீங்க பார்த்து வெச்ச கல்யாணந்தானே?”

“ஆமா. எதுக்கு கேக்கறே?”

“அப்புறம் ஏன் ரிஜிஸ்டரு? ஓடிப்போறவங்கதானே அதைப் பண்ணுவாங்கோ?”

மௌரீன் அம்மாள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு சிரித்தார். “வாட் மேன் எத்திராஜ். எனக்கும் என் புருஷனுக்கும் இதே புக்லதான் இருக்கு. எங்கம்மாவுக்கும். ரிஜிஸ்டர் பண்ணாத்தான் கவர்மென்ட்டுக்கு அது கல்யாணம். உங்க கோயில் கல்யாணத்தையும் ஆபீஸ்ல போய்ப் பதியலாம். முன்னாடியே கட்டினவங்களுக்கும் பதிஞ்சு தருவாங்க. என் கூட வேலை செஞ்ச ருக்மிணி பத்து வருஷம் கழிச்சுப் பதிஞ்சா, புருஷன் கூட துபாய் போறதுக்கு. யாரும் ஓடலை.”

எத்திராஜுக்கு அப்போதுதான் உறைத்தது. கிருஷ்ணப்பா கேட்டது திட்டு இல்லை. கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, உள்ளே வா என்று கூப்பிட்டிருக்கிறார். அதை ஓங்கி அறைந்து சாத்தியது யார் என்பதை அவருக்கு யாரும் சொல்லத் தேவை இருக்கவில்லை.

“தவம், உன் பொறந்த சர்ட்டிபிகேட்டு இருக்குதா?”

“இருக்கு மாமா. படகிலயும் அதை நெஞ்சோட கட்டிக்கொண்டுதான் வந்தனான்.”

திங்கட்கிழமை காலையில் சப்-ரிஜிஸ்ட்ரார் ஆபீஸ் கதவு திறக்கும் முன்பே எத்திராஜ் குடும்பம் வாசலில் நின்றது. சீனு பட்டு வேட்டி கட்டியிருந்தான். தவமணி கல்யாணக் கூறைப் புடவையையே கட்டியிருந்தாள். சிந்து பூ வைத்துக்கொண்டு, யாருக்குக் கல்யாணம் என்று எல்லாரையும் கேட்டுக்கொண்டிருந்தாள். மௌரீன் அம்மாள் சாட்சிக்கு வந்திருந்தார். ஆல்பம், பத்திரிகை, குருக்கள் கொடுத்த சீட்டு, எதுவும் வீணாகவில்லை. கிருஷ்ணப்பா மேஜையில் செல்லாதது இந்த மேஜையில் செல்லுபடியானது.

ரிஜிஸ்ட்ரார் கண்டிப்பான மனுஷர். தவமணியின் சீட்டை அப்படியும் இப்படியும் திருப்பினார். “ஃபாரினரா? முன்னாடி அங்க கல்யாணம் ஆகலைன்னு யாரு சொல்றது?”

“கல்யாணம் ஆகாதவள்னு உங்க போலீஸ் ஃபைலே சொல்லுதுங்க” என்றார் எத்திராஜ். “ஆறு வருஷமா சொல்லிக்கினே இருக்குது.”

ரிஜிஸ்ட்ரார் போலீஸ் சீட்டில் இருந்த வரியைப் பார்த்தார். அவர் உதட்டோரம் கொஞ்சம் அசைந்தது. புத்தகத்தை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“பொண்ணு சார்பா யாரு?”

மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள்தான் எல்லாரும். தவமணி தரையைப் பார்த்தாள். சின்னம்மா கனடாவில். மற்றவர்கள் இருக்கிற இடம் அவளுக்கே தெரியாது.

எத்திராஜ் சீனு பக்கத்தில் இருந்து நகர்ந்து, மேஜையைச் சுற்றிக்கொண்டு வந்து தவமணிக்குப் பக்கத்தில் நின்றார்.

“நான்தாங்க. பொண்ணு வீடு.”

“நீங்க பையனுக்கு மாமான்னு சொன்னீங்களே?”

“அது அங்க நின்னப்போ. இப்ப இங்க நிக்கறேன் இல்ல?”

தவமணி எழுதினாள், அச்சில் வார்த்த மாதிரி எழுத்து. பிறகு எத்திராஜ் பேனாவை வாங்கினார். அவருக்குத் தெரிந்த எழுத்து தன் பெயர் மட்டும்தான், ஆனால் அந்தப் பெயரை அவர் போல யாரும் எழுத முடியாது. ஒவ்வொரு எழுத்தையும் மூங்கில் நடுகிற மாதிரி ஊன்றி நட்டார்.

அந்தச் சர்ட்டிபிகேட்டை எடுத்துக்கொண்டு அன்றைக்கே ஸ்டேஷனுக்குப் போனார்கள். கிருஷ்ணப்பா இரண்டு தரம் படித்தார்.

“அண்ணா, நான் அன்னிக்கே இதைத்தானே கேட்டேன்?”

“நீ ரிஜிஸ்டர்னு கேட்டே. எழுத்துன்னு கேட்டிருக்கணும்” என்றார் எத்திராஜ். கிருஷ்ணப்பாவுக்கு ஒன்றும் புரியவில்லை. மேலே எழுதி அனுப்பினார். பதில் வரும் வரைக்கும் அவளைத் தொட மாட்டோம் என்று வாக்குக் கொடுத்தார். இந்த முறை எத்திராஜ் அந்த வாக்கைச் சீட்டில் எழுதித் தரச் சொல்லி வாங்கிக்கொண்டார்.

பதில் வந்தது டிசம்பர் நடுவில். கூப்பிட்டனுப்பினார்கள், எல்லாரும் போனார்கள். கிருஷ்ணப்பா ஃபைலில் பழைய வரியை அடித்துவிட்டு, இந்தியக் குடிமகன் சீனிவாசனின் மனைவி என்று எழுதினார். முத்திரையை மையில் ஒற்றி ஓங்கிக் குத்தினார்.

“கேம்ப் இல்லை. இங்கேயே இருக்கலாம். வருஷத்துக்கு ஒரு தரம் வந்து காட்டணும், அவ்வளவுதான். பாஸ்போர்ட் எடுத்து, நாள் கூடினதும் சிட்டிசனுக்கு மனு போடுங்க. நான் சொல்லித் தரேன்.”

தவமணி முத்திரையை விரலால் தொட்டுப் பார்த்தாள். விரலில் மை ஒட்டியது. சிந்து அந்த விரலைப் பிடித்துத் தன் கையில் தேய்த்துக்கொண்டாள். “எனக்கும் குத்தியாச்சு” என்றாள்.

ஸ்டேஷன் வாசலுக்கு வந்ததும் மங்களம் ஆரம்பித்தாள். அவள் குரலிலேயே வம்பு தெரிந்தது.

“ஏன்டி தவம், உங்க ஊர்ல எழுத்து வைக்கிற அன்னிக்கு வேற இன்னா செய்வாங்க?”

“அண்டைக்குத்தான் அத்தை பெண் வீட்டில சீதனம் குடுக்கிறது. எழுத்து மேசையிலயே எண்ணிக் குடுப்பினம்” என்றாள் தவமணி, யோசிக்காமல்.

மங்களம் புருஷன் பக்கம் திரும்பினாள். “அப்போ பொண்ணு வீட்டுக்காரரே, பெருமையா மேஜை சுத்தி வந்து நின்னீங்களே. வெறுங்கையோடவா பொண்ணை அனுப்பினீங்க? நாங்க மாப்பிள்ளை வீடு, கேக்கத்தானே செய்வோம்?”

“அத்தை, நீங்கள் கேட்டதுக்குத்தான் சொன்னது, விடுங்கோ” என்று தவமணி பதறினாள்.

கிருஷ்ணப்பா கதவருகில் வந்து நின்றார். “ஸ்டேஷன் வாசல்ல வரதட்சணையா அண்ணா? ஆமேலே, அப்புறம் நான் கேஸ் போடணும்.”

“வாங்கற மாப்பிள்ளை மேலே போடு. இது அவனுக்கு இல்லை” என்றார் எத்திராஜ். “இது எங்க பொண்ணுக்கு.”

சட்டைக்குள் கையை விட்டு, காலையில் ஒரு பெரிய கல்யாணத்துக்கு வாங்கிய முன்பணத்தை அப்படியே எடுத்தார். சீனு ஏதோ சொல்ல வந்தான், அவனை ஒரு பார்வை பார்த்தார். தவமணி கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். மங்களம் அந்தக் கையைப் பிடித்து முன்னால் இழுத்து, மடங்கியிருந்த விரல்களை ஒவ்வொன்றாக விரித்துவிட்டாள். எத்திராஜ் கட்டைவிரலை நாக்கில் தொட்டுக்கொண்டு, முதல் நூறு ரூபாய் நோட்டை அந்த உள்ளங்கையில் வைத்து, கடைக்காரர் வழக்கப்படி ஒன்று என்று சொல்லாமல், “லாபம்” என்றார். பிறகு இரண்டு, மூன்று என்று நிதானமாக, வாசலில் போகிறவர்கள் எல்லாருக்கும் கேட்கும்படி எண்ணி வைத்தார்.